எழுத்து மூலமாக

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டு போட்டு ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. அன்புச்செல்வி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பேனர் கடை சித்தார்த்தன் பென் டிரைவும் கையுமாக நின்றான்.

“போட்டோ அதுலதான் இருக்குதா மா?”

“அதுலதான்.”

“ஒரு மணிக்குள்ள குடுத்தாதான் அடிச்சி கட்ட முடியும். நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்.”

முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவளுடைய அப்பா அந்தோணிசாமி படுத்திருந்தார். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றுக் காலை இதே லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனார். சாயங்காலம் ஆம்புலன்சில் திரும்பி வந்தார். மாரடைப்பு. லேப்டாப் பையும் கூடவே வந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் காலேஜில் சேர்ந்தபோது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்தது அது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது, நாலு ஜிபி மெமரி. “இது எப்படிப்பா பத்தும்?” என்று அன்றைக்கே அழுதாள். “பின்னாடி ஏத்திக்கலாம்னு கடைக்காரன் சொன்னான்மா” என்றார். லேப்டாப் திணறி நிற்கும்போதெல்லாம், மூன்று வருஷமாக, அதே பதில்தான்.

போன வாரம் சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் எட்டு ஜிபி இல்லாவிட்டால் அவர்களுடைய சாஃப்ட்வேர் ஏறாது. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பார்கள், அப்புறம் வேறு ஆள். நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் லேப்டாப்பை டொம்மென்று வைத்தாள்.

“ஏத்திக்கலாம் ஏத்திக்கலாம்னு சொல்லிக்கினே இருக்கியே, எடுத்துக்கினு போய் ஏத்திக்கினு வா. முடியுமா முடியாதான்னு நீயே கேட்டுக்கினு வா. உன் பேச்ச இனிமே நான் நம்ப மாட்டேன்.”

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டார். கடைக்குப் போன் போட்டு விசாரிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. பொருளைக் கையோடு எடுத்துப் போய், ஆளை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டு, எழுதி வாங்கி வருவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. சீலும் கையெழுத்தும் இல்லாத எதையும் ஆபீசிலும் நம்பியதில்லை, வீட்டிலும் நம்பியதில்லை. ஒரு கடைக்காரனுடைய வாய்ப்பேச்சைத்தான் நம்பித் தொலைத்தார்.

“இன்னும் வர்லயா?” சித்தப்பா சகாயராஜ் எட்டிப் பார்த்தார். “உடு செல்வி. பென்ஷன் புக்குல ஒரு போட்டோ இருக்குது, அதையே குடுத்துடலாம்.”

அந்தப் போட்டோவில் அப்பா யாரோ திட்டப்போகிறார்கள் என்பது மாதிரி விழித்துக்கொண்டிருப்பார். சித்தார்த்தன் அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டு ஓடினான். அன்புச்செல்வி லேப்டாப்பை மூடினாள். தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு, பெருமுக்கல்லிலிருந்து வந்த பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, கையில் மாலையோடு ஒருவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மாலையைப் போட்டுவிட்டு, அன்புச்செல்வியின் அம்மா லூர்துமேரியின் பக்கத்தில் குனிந்தான்.

“அம்மா, என் பேரு மணிமாறன். விழுப்புரத்துல லேப்டாப் சர்வீஸ் கடை வெச்சிக்கினு இருக்கறேன். ஐயா நேத்து கடைசியா நம்ம கடைக்குதான் வந்தாரு. நான்தான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணேன்.”

லூர்துமேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாப்பா பேசினாரு? என் சாமி கடைசியா இன்னா பேசினாரு?”

ஜெபம் நின்றது. அன்புச்செல்வி வாசற்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“கழட்டி காமிக்க சொன்னாரும்மா. காமிச்சேன். இதுல மெமரி போடறதுக்கு ஸ்லாட்டே கெடையாதுய்யா, போர்டோட சேத்து ஒட்டிட்டானுங்க, ஏத்தவே முடியாதுன்னேன். ‘மூணு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி, எல்லாரும் இதத்தான் சொல்றாங்க’ன்னாரு. வேர்த்து ஊத்திக்கினு இருந்துச்சி. தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, ‘எழுதிக் குடுப்பா’ன்னாரு. இதுக்கெல்லாமா எழுதிக் குடுப்பாங்கன்னு நான் சிரிச்சிட்டேன். ‘வாயால சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டா. எழுத்து மூலமா குடு’ன்னாரு. சரின்னு பில் புக்குல எழுதி சீல் வெச்சேன். மடிச்சி மேல் பாக்கெட்ல வெச்சிக்கினு எறங்கினாரு. ரோட்ட தாண்டல.”

லூர்துமேரி பெட்டியின் கண்ணாடியில் தலையை வைத்துக்கொண்டாள். மணிமாறன் என்ன செய்வதென்று தெரியாமல் அன்புச்செல்வியைப் பார்த்தான்.

“நீங்கதான் பொண்ணா? மாடல் நம்பர போன்ல போட்டிருந்தாலே காட்டியிருக்குமே மா. இந்த வெயில்ல பெரியவர அலைய உட்டிருக்க வேணாம்.”

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. மனசு கேட்காமல் சொன்னான். பதில் லூர்துமேரியிடமிருந்து வந்தது.

“அவளுக்கு இன்னாப்பா தெரியும்? தெரிஞ்சிருந்தா அப்பன அனுப்பியிருப்பாளா?”

அன்புச்செல்விக்குத் தெரிந்திருந்தது. நேற்று அவர் கிளம்பிப் போன கால் மணி நேரத்தில், அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியில் மாடல் நம்பரைப் பார்த்துப் போனில் தேடினாள். முதலில் வந்ததே அதுதான். இந்த மாடலில் மெமரியை ஏற்ற முடியாது. அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“செல்வி, பஸ்ஸு இன்னும் எடுக்கல. சார்ஜரும் வேணுமா? வேணும்னா எறங்கி வந்து எடுத்துக்கினு போறேன்.”

வந்துவிடுப்பா என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அவளுக்கு அப்போது ஆத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. போகட்டும், எந்தக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு வாங்கினாரோ அதே மாதிரி ஒருத்தன் வாயால் கேட்டுவிட்டு வரட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தாள். நினைத்தது மட்டும் இல்லை, அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

“வேணாம். போய்க்கினு வா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மணிமாறன் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்புச்செல்வி உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை முதல் முறையாகப் பிரித்தாள். கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பேனா, பஸ் டிக்கெட். நாலாக மடித்த ஒரு சீட்டு.

‘மேற்படி லேப்டாப்பை முழுவதுமாகக் கழற்றிப் பார்த்ததில் மெமரி ஏற்ற வழி இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி, ஊதா நிறத்தில் கடையின் சீல்.

மேற்படி என்கிற வார்த்தை மணிமாறனுக்கு எங்கிருந்து வரும்? அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான்.

நாலு மணிக்கு உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். லூர்துமேரி ஜெபப் புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்தாள். சட்டைப் பையில் பேனாவைச் செருகினாள். எல்லோரும் ஒரு முறை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்புச்செல்வி குனிந்து, யாருக்கும் தெரியாமல், அந்தச் சீட்டை அவர் கைக்கடியில் தள்ளினாள்.

மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற சகாயராஜ் பார்த்துவிட்டார்.

“இன்னா பேப்பர் அது?”

“ஒன்னுமில்ல சித்தப்பா.”

அவர் எடுத்துப் பிரித்தார். “சீலு கீலெல்லாம் இருக்குது. இத போய் உள்ள வெக்கிறியே. எதுக்குனா கேப்பாங்க, எடுத்து வெய்யி அண்ணி” என்று லூர்துமேரியிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். அப்பா ஆளுயரத்தில் விழித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வெளிச்சம் போவதற்கு முன்னால் லூர்துமேரி அவருடைய பைலை எடுத்து வந்து தரையில் விரித்தாள். பென்ஷன் உத்தரவு, வீட்டு வரி ரசீது, லேப்டாப் வாங்கிய பில், எல்லாம் வரிசையாக இருந்தன. ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேலே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல இன்னாடி எழுதியிருக்குது? படி.”

அன்புச்செல்வி வாங்கிப் பார்த்தாள்.

“ஏத்த முடியாதுன்னு எழுதியிருக்குதும்மா.”

“கேட்டுக்கினுதான் வந்துருக்காரு பாரு.” லூர்துமேரி சீட்டைத் திரும்ப வாங்கி, சுருக்கத்தைத் தொடையில் வைத்து நீவினாள். “பொண்ணு ஒரு வேல சொல்லிட்டா செய்யாம வரமாட்டாரு.”

அதை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பைலை மூடினாள். அவர் கட்டுகிற மாதிரியே நாடாவை இழுத்து, இரண்டு முடிச்சு போட்டாள்.