இரண்டு நாளுக்கு வேண்டிய சாமான்கள்

விடுமுறைக்குக் கடற்கரையில் வாடகைக் கபின் பிடித்துத் தந்த சிறிதரன் அண்ணை அனுப்பிய பட்டியலைச் சுஜீதன் குசினியில் நின்றே வாசித்தான். அதுவும் வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரிக் குரலை உயர்த்தி. அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து மூன்று வருசத்தில் அவன் விடுமுறையென்று எங்கும் போனதில்லை. கூடப் போக ஆளும் இருக்கவில்லை. மனைவியும் மகளும் விசா கிடைத்து விமானத்தில் வந்திறங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. அந்தச் சந்தோசத்தில் மனுசன் தலைகால் தெரியாமல் நின்றான்.

“டோர்ச் லைற் ரெண்டு. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. போர்வை தலையணி நாங்கள்தான் கொண்டுபோகவேணும், கபின்காரர் தராயினம். அரிசி, பருப்பு, காய்ச்சல் மருந்து, மழைக்கோட், தண்ணிக் கான். பிள்ளைக்கு உடுப்பு ரெண்டு சோடி கூட. திங்கட்கிழமை காலமை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பிக் குடுக்கவேணும். பாரும், மனுசன் ஒண்டையும் விடேல்லை!”

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சஜிதாவின் கை நின்றது. இந்தப் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். நாலு வருசத்துக்கு முன் வன்னியில் சண்டைக்குத் தப்பி ஓடும்போது இதே சாமான்களை இதே ஒழுங்கில் கட்டியிருக்கிறாள். ஒருமுறை அல்ல, ஒன்பது முறை. ஒன்பதாவது முறை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடமும் ஒரு கடற்கரைதான்.

“எங்கை எண்டனீங்கள்?”

“கிப்ஸ்லாந்துப் பக்கம். இஞ்சை ரோவில்லிலையிருந்து மூண்டு மணித்தியால ஓட்டம். வாசல்லை நிண்டு கல்லெறிஞ்சால் கடலுக்குள்ளை விழுமாம்.”

கணினியில் படமும் காட்டினான். வரிசையாக மரக் கபின்கள். அவற்றுக்கு அப்பால், கடல் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாய்ப் பனிப்புகார். இங்கே குளிர்காலமான ஆனி மாதத்தில் அந்தக் கரை அப்படித்தான் இருக்கும், அதுதான் வடிவு என்றான். சஜிதா படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். குண்டுப் புகைக்குள் கடல் தெரியாமல், தெரியாத கடலைப் பார்த்தபடி பிள்ளையோடு அவள் நின்ற காலைகள் அவளுக்குத்தான் தெரியும்.

“என்ன, பயமோ? பதினெட்டு நாள் படகிலை கிடந்தவன் நான். நானே போறன், உமக்கென்ன?”

அவள் சிரித்துவைத்தாள். அவன் இரண்டாயிரத்து எட்டிலேயே நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குச் செய்தியாகத்தான் தெரியும். வந்த ஏழு மாதத்தில் அவன் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் அழவேண்டி வருமென்று அவனுக்குப் பயம். சொல்லத் தொடங்கினால் நிறுத்த ஏலாதென்று அவளுக்குப் பயம். இப்படிப் பயத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு குடும்பம் ஏழு மாதமென்ன, எழுபது வருசமும் சிரித்துப் பேசி வாழலாம்.

புதனும் வியாழனும் அவள் சாமான் கட்டினாள். ஒன்பது வயது மகள் துவாரகா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, இந்த முறை அப்பாவும் வாறாரோ?”

“வராமல்? அவர்தானே கார் ஓடுறார்.”

“எனக்கு ஒரு பை மட்டும்தானே?”

“ஓம், ஒண்டு காணும்.”

பிள்ளை தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். காது கொடுத்துக் கேட்டிருந்தால் சஜிதாவுக்கு அப்போதே விளங்கியிருக்கும். அவளோ தன் பயத்துக்குள் கழுத்துவரை நின்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அரிசி வைத்த பெட்டிக்கு அடியில் சேர்ட்டிபிக்கற் பையை வைத்தாள். பிறப்புப் பதிவுகள், கலியாணப் பதிவு, விசாக் கடிதங்கள், ஊர்க் காணியின் உறுதிப்பத்திரம் எல்லாம் அதற்குள்தான். இரண்டு நாள் உலாத்தப் போகிறவளுக்குக் காணி உறுதி எதற்கு? அது இல்லாமல் வாசலைத் தாண்டக் கால் வராது, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தபோது கதவடியில் துவாரகா நின்றாள். கண் அந்தப் பையிலேயே இருந்தது.

சனி காலை ஏழு மணி. ரோவில்லையும் பனிப்புகார் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. கார் நிறையச் சாமான் ஏறியாகிவிட்டது.

“துவாரகா, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாம்மா!”

அறையில் பிள்ளை இல்லை, போர்வை மடித்துக் கிடந்தது. குளியலறையில் இல்லை. காருக்குள் இல்லை. முன்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

சுஜீதன் பெயரைக் கூப்பிட்டபடி வீதியில் ஓடினான். ஐந்தாறு அடியில் அவனையும் காணவில்லை, குரல் மட்டும் கேட்டது. சஜிதா வாசலில் நின்று கூப்பிட்டாள். இவள் ஒருமுறை பிள்ளையைத் தவறவிட்டவள். சனத்துக்குள், மண் அணைக்கும் தண்ணீருக்கும் நடுவில், அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு பிள்ளையின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு சீலைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் கண் மூடினாள். அந்தத் துண்டை ஏன் அவிழ்த்தேன் என்று இப்போது தன்னையே திட்டினாள். பெரிய ரோட்டில் ஏதோ ஒரு வாகனம் சடுதியாகப் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு உயிர் போய் வந்தது.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. சதக், சதக். மண்வெட்டி ஈரமண்ணில் இறங்கும் சத்தம். அதை அவள் எந்த நாட்டிலும் அடையாளம் கண்டுபிடிப்பாள்.

பின்வளவில் தேசிமரத்துக்கு அப்பால் துவாரகா வெட்டிக்கொண்டு நின்றாள். குழி அவள் முழங்கால் அளவு ஆழம். பக்கத்தில் ஒரு பிஸ்கற் தகரம், இரண்டு பொலித்தீன் பைகளால் சுற்றி, வாய் இறுகக் கட்டியபடி.

சஜிதாவின் குரலைக் கேட்டுச் சுஜீதன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “என்னம்மா செய்யிறாய்?”

“முடிஞ்சுது அப்பா. ஒரு பைதானே கொண்டுபோகலாம். மிச்சத்தைத் தாட்டுவைக்கிறன். பள்ளிக்கூடத்திலை தந்த பரிசு, பொம்மை, பிறகு உங்கடை படம். எல்லா முறையும் படத்தைக் கொண்டுதான் ஓடினனான். இந்த முறை நீங்களே வாறியள்தானே, படம் தேவையில்லை.”

சுஜீதன் சிரிக்கப் பார்த்தான். “எங்கையம்மா ஓடுறம்? ரெண்டு நாளிலை வந்திடுவமே!”

ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பிள்ளை அவனை இரக்கத்தோடு பார்த்தாள். “அம்மா அப்பிடித்தான் சொல்லுவா, அப்பா. எல்லா முறையும் ரெண்டு நாள் எண்டுதான் சொன்னவா. இந்த முறையும் சேர்ட்டிபிக்கற் பையை வச்சிட்டா.”

பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சுஜீதன் ஈரப்புல்லில் அப்படியே குந்திவிட்டான். பிறகு கேட்டான்:

“எத்தினை முறை?”

“ஒன்பது,” என்றாள் சஜிதா.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. அழுதால் பிள்ளை இன்னும் பயப்படும். அவள் நேரே காருக்குப் போனாள். அரிசிப் பெட்டியைக் கிளப்பிச் சேர்ட்டிபிக்கற் பையை இழுத்து எடுத்தாள். பின்னாலேயே வந்த துவாரகா பார்க்கத்தக்கதாக வீட்டுக்குள் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள். வைத்துவிட்டாளே தவிர, கை அதை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தாள். பிறகு அலுமாரிக் கதவைப் பூட்டினாள்.

“அப்ப, நாங்கள் ஓடேல்லையோ?” துவாரகா கேட்டாள்.

“இல்லை. உலாத்தப் போறம்.”

பிள்ளை நம்பவில்லை. முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

பின்வளவில் சுஜீதன் கண்ணைத் துடைத்துவிட்டுத் தகரத்தை எடுக்கக் குனிந்தான். “எடுக்காதேங்கோ,” என்றாள் பிள்ளையோடு திரும்பி வந்த சஜிதா. “உள்ளை வச்சு மூடுங்கோ.”

“ஏன்?”

“வந்து கிண்டவேணும்.”

ஊரில் அவள் தாட்டுவைத்த எதையும் திரும்பப் போய்க் கிண்டி எடுத்ததில்லை. தையல் மெசின், குத்துவிளக்கு, கலியாண அல்பம், எல்லாம் எங்கெங்கோ மண்ணுக்குள் கிடக்கின்றன. சுஜீதன் தகரத்தை வைத்து மண்ணைத் தள்ளி மூடினான். துவாரகா தேசிமரத்திலிருந்து அடி வைத்து எண்ணினாள். ஏழு. அம்மா பழக்கியபடி அதை அம்மாவின் காதுக்குள் மட்டும் சொன்னாள்.

கார் பனிப்புகாருக்குள் மெல்ல இறங்கியது. சஜிதாவின் மடியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முன்னே வீதி தெரியவில்லை, அதற்கப்பால் கடல் வேறு காத்திருந்தது. பயம் அப்படியே இருந்தது.

“அம்மா, எப்ப வந்து கிண்டுறது?”

“திங்கட்கிழமை.”

“திங்கட்கிழமை எத்தினை மணிக்கு?”

சஜிதா கணக்குப் பார்த்தாள். பத்து மணிக்குச் சாவி கொடுக்கவேணும். மூன்று மணித்தியால ஓட்டம். வழியில் சாப்பாடு.

“ரெண்டு மணிக்கு,” என்றாள்.

துவாரகா அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒன்பது முறையும் அம்மா மணி சொன்னதே இல்லை.