வெளியாள் கை

கார் பிடித்துப்போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. விலை படிந்து அரை மணி நேரம். இன்னும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால், மேஜை மேல் கிடந்த ஒரு நீல நிறத் தாள்தான் காரணம்.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி சார். ரெண்டு வருஷத்துக்கு இருபத்தோராயிரம்தான். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் எங்க பொறுப்பு. நீங்க நிம்மதியா தூங்கலாம் சார்" என்றான் ஹரிபிரசாத்.

திருச்சி பைபாஸ் ஓரம் இருந்த அந்தப் பழைய கார் ஷோரூமில் அவன்தான் விற்பனையைப் பார்ப்பவன். காலையிலிருந்து அவன் வாய்க்கு வாய் 'சார்' போட்டது சிவராமனுக்கு. பணம் கொடுக்கப்போவது சிவராமனின் மனைவி இளவேனில் என்பதும், காரை ஓட்டிப் பார்த்தது அவள்தான் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? காபிகூட முதலில் சிவராமனுக்குத்தான் வந்தது. அவளுக்கு வந்தபோது அதில் ஆடை கட்டியிருந்தது.

சிவராமன் புத்தூரில் ஒரு பெரிய மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். காலாவதித் தேதி அச்சடிக்காத எதையும் அவன் நம்புவதில்லை. வீட்டு மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி எல்லாவற்றின் வாரண்டி அட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறான். மிக்சி செத்து மூன்று வருஷமாகிறது, அட்டை மட்டும் இன்னும் மொறுமொறுவென்று இருக்கிறது. நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன்.

அந்தப் பயத்துக்கும் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் நண்பனின் பழைய காரை இரவல் வாங்கி, அம்மா வீராயியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனான். செங்கிப்பட்டி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் நடுரோட்டில் கிடந்தார்கள். வீராயி அந்தக் கதையை இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் வெயில் கொஞ்சம் கூடுகிறது, மணி நேரமும் கூடுகிறது.

"போட்டுடலாம் இளா. காசு போனா போகுது" என்று சிவராமன் பேனாவை எடுத்தான்.

இளவேனில் தாளை அவன் கையிலிருந்து வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களைப் பார்த்தால் எந்த விற்பனைக்காரனுக்கும் பிடிக்காது. ஹரிபிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அவசரப்படவில்லை. டயர் சேராது. பேட்டரி சேராது. கிளட்ச், பிரேக், பெல்ட், ரப்பர் சாமான் எதுவும் சேராது. பழைய காரில் முதலில் மண்டையைப் போடுபவை எவையோ, அவையெல்லாம் வரிசையாக நின்று சேராது சேராது என்று தலையாட்டின. பதினொன்றாவது விதியில் அவள் கண் நின்றது.

'நிறுவனத்தின் பணியாளர் தவிர வெளியாள் எவரேனும் வாகனத்தின் இயந்திரப் பகுதியைக் கழற்றினாலோ, சரிசெய்தாலோ இந்த உறுதி முழுவதும் ரத்தாகும்.'

"வெளியாள்னா யாரு?" என்று கேட்டாள்.

"ரோட்டோர மெக்கானிக்குங்க, தெரிஞ்சவங்க அறிஞ்சவங்க... அந்த மாதிரி மேடம்."

"நான்?"

ஹரிபிரசாத் சிரித்துவிட்டான். "நீங்க எதுக்கு மேடம் அதையெல்லாம் போயி தொடப்போறீங்க? ஒரு போன் போடுங்க, எங்க ஆளு வந்து நிப்பாரு."

"நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல டெக்னீஷியன். டீசல் இன்ஜின் செக்‌ஷன்."

"ஓ! ஆபீஸ் சைடா மேடம்?"

"இல்ல. பிரிச்சு மாட்டுற சைடு."

சிவராமன் கூரையைப் பார்த்தான். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒருவர் அவளிடம் துடைக்கிற துணியைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார். ஸ்பேனரை எடுத்தால், 'தள்ளி நில்லும்மா, கையில கிய்யில போட்டுக்கப் போற' என்று பிடுங்கிக்கொள்ள நாலு பேர் வருவார்கள். ஒரு வருஷம் போராடித்தான் அவள் கைக்கு ஒரு இன்ஜின் வந்தது. இப்போது ஆள் உயர இன்ஜினைப் பிரித்துப் பரப்பி, ஒரு நட்டு மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டி அனுப்புகிறாள். அந்தப் பழைய 'தள்ளி நில்லும்மா'வை இன்று அச்சடித்து, அதற்கு இருபத்தோராயிரம் விலையும் போட்டு, அவள் கையெழுத்தையும் கேட்கிறார்கள். அதுவும் ஆறு வருஷம் சேர்த்த காசில், முதல் முதலாக அவள் பெயரில் வாங்குகிற பொருளுக்கு. இளவேனிலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் காரை நானே தொறந்தா தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல மேடம். வாரண்டி போயிடும், அவ்ளோதான்."

"அப்ப வாரண்டி வேணாம்."

அவள் எழுந்து போய்க் காரின் பானெட்டைத் தூக்கினாள். சாம்பல் நிறச் சின்ன டீசல் வண்டி, எட்டு வயசு, இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற மேல் ரப்பர் ஹோஸ் மட்டும் உப்பியிருந்தது. அதை விரலால் அமுக்கிக் காட்டினாள்.

"இது இன்னும் ரெண்டு மாசம் தாங்காது. இதுக்கு உங்க வாரண்டி காசு குடுக்குமா?"

"ரப்பர் ஐட்டம் மேடம்..." என்று இழுத்தான் ஹரிபிரசாத்.

"கேட்டீங்களா?" என்று கணவனைப் பார்த்தாள்.

சிவராமனுக்குக் கேட்டது. கேட்டதால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவளை ஓரமாகக் கூட்டிப் போனான். "இங்க பாரு இளா. உன் காசு, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இது நடுரோட்டுல நின்னுச்சுன்னா வித்துடணும். அம்மாவை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை என்னால அந்த வெயில்ல நிக்க முடியாது."

"சரி."

"விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும் விளையாட்டுக்குச் சொல்லல. நின்னா வித்துடுறேன். போதுமா?"

கோபத்தில் இருந்தவள் வீறாப்பாக வாக்குக் கொடுத்துவிட்டாள். வாரண்டி வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லி ஹரிபிரசாத் இன்னொரு தாளை நீட்டினான், பழக்க தோஷத்தில் சிவராமன் பக்கம். அவள் குறுக்கே கை நீட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அவளே ஹோஸை மாற்றினாள். பழைய சுடிதார், கை முழுக்க கிரீஸ். பக்கத்து வீட்டு லூர்துராணி கோயில் பூசை முடிந்து வந்தவள், நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னங்க, மெக்கானிக் யாரும் கெடைக்கலையா?"

"கெடைச்சிட்டாங்களே. உங்க முன்னாடிதான நிக்கிறாங்க."

லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இளவேனிலும் சிரித்தாள். பேச்சு அங்கிருந்து கறிக்கடை, காஸ் சிலிண்டர் என்று எங்கெங்கோ போனது. வீராயி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பொம்பள செய்யிற வேலையா இது? நாலு பேரு பாக்க..." என்று முனகியபடி உள்ளே போனாள். பானெட்டை மூடியபோது இளவேனிலுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. அடுத்த மூன்று நாளும் ஸ்பேனரைப் பிடித்த கையாலேயே ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி ஓட்டினாள்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் சிவராமனின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. இளவேனில் பட்டுப்புடவையில் ஓட்ட, பக்கத்தில் சிவராமன், பின்சீட்டில் மடி நிறைய வளையல் பெட்டியோடு வீராயி. சத்திரம் பேருந்து நிலையம் வரை வண்டி வெண்ணெயாகப் போனது. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்பார்கள். டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. இளவேனில் அந்த நொடியே இன்ஜினை அணைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருந்தால் பாலத்தைக் கடந்திருக்கலாம், ஆனால் இன்ஜின் போயிருக்கும்.

பின்னால் டவுன் பஸ் ஓட்டுநர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. ஒரு ஆட்டோ, அதன் பின்னால் இன்னொரு ஆட்டோ, எல்லோருக்கும் அவசரம்.

"நின்னுடுச்சு. டேய், செங்கிப்பட்டி மாதிரியே நின்னுடுச்சுடா!" என்றாள் வீராயி.

சிவராமனின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் இறங்கித் தள்ளினான். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் திட்டிக்கொண்டே கை கொடுத்தார்கள். இளவேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி மெல்ல மெல்ல நகர்ந்து, பாலம் இறங்கி, மாம்பழச்சாலை ஓரத்தில் ஒரு மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

கொதிக்கிற ரேடியேட்டரில் கை வைக்க முடியாது. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. சிவராமன் மூன்று தடவையும், "வந்துக்கிட்டே இருக்கோம்" என்றான். பிறகு அவன் சட்டையெல்லாம் நனைந்து நின்றபடி, "அந்த ஷோரூம்காரனையே கூப்பிடவா? காசு குடுத்தா ஆளு அனுப்புவான்" என்றான்.

"போனை உள்ள வைங்க."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. புது ஹோஸ் கழன்று தொங்கியது. அதைப் பிடித்துவைக்கிற இரும்பு கிளாம்ப் லொடலொடவென்று ஆடியது. ஞாயிற்றுக்கிழமை லூர்துராணியோடு வாயடித்துக்கொண்டே மாட்டியவள், கடைசி இறுக்கு இறுக்கவே இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் செய்கிற தப்பு. மற்றவர்கள் செய்தால் அவளே கத்துவாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? புது ஹோஸே மட்டம் என்று சொல்லலாம், வெயில் என்று சொல்லலாம். ஷோரூம்காரன் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொன்னால் இன்னும் நல்லது, வீராயி ஊர் முழுக்க அவனைத் திட்டித் தீர்ப்பாள். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இளவேனில் நிமிர்ந்தாள்.

"காரு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கிளாம்பை சரியா இறுக்கல."

இப்படியொரு பதிலைச் சிவராமன் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப... நீ அன்னிக்கு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நின்னா வித்துடுறேன்னு சொன்னேன்."

"ஆமா."

"விக்க மாட்டேன்."

பின்சீட்டிலிருந்து வீராயி தலையை நீட்டினாள். "ஏம்மா, சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இல்லையா?"

"இருக்கு அத்தை. அதைத்தான் இப்ப மீறுறேன். உங்க ரெண்டு பேரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு மீறுறேன். அன்னிக்கு கோவத்துல சரின்னுட்டேன், அதுவும் என் தப்புதான். பன்னெண்டு வருஷமா நின்னுபோன இன்ஜினைச் சரி பண்ணித்தான் சம்பளம் வாங்குறேன். நின்னதுக்கெல்லாம் வித்துட்டு இருந்தா ஒரு ரயிலும் ஓடாது. நான் பண்ணின தப்பு, நானே சரி பண்றேன். நாளைக்கு இன்னொரு தடவை நின்னாலும் நான்தான் எறங்கிப் பாப்பேன். அப்பவும் விக்க மாட்டேன்."

இவ்வளவு நேரம் அடக்கி வைத்த ஆத்திரத்தில் அவள் குரல் உயர்ந்திருந்தது. சாலையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிவராமன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு கேட்டான்: "இப்ப என்ன வேணும்?"

"நாலு பாட்டில் தண்ணி."

அவன் சாலையைக் கடந்து கடைக்கு ஓடினான். இளவேனில் டிக்கியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து ஹோஸைச் செருகினாள். முந்தானை சரிந்து கிரீஸில் விழப் பார்த்தது. வீராயி முணுமுணுத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள். "பட்டுப்புடவை, பட்டுப்புடவை... கொஞ்சமாவது அக்கறை இருக்கா?" என்று திட்டியபடி முந்தானையைச் சுருட்டித் தன் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

முன்பு தள்ளிவிட்ட ஆட்டோக்காரர்களில் ஒருவர் சவாரியை இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்பி வந்தார். பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். உதவி செய்கிற மனசுதான், பாவம். நேரே வந்து பானெட் பக்கம் நின்று கையை நீட்டினார்.

"தள்ளிக்கங்கம்மா, குடுங்க இப்படி. நான் பாத்து வுடுறேன்."

தண்ணீர் பாட்டில்களோடு திரும்பி வந்துகொண்டிருந்த சிவராமன் கிட்டத்தட்ட ஓடியே வந்தான். வந்த வேகத்தில் அவருக்கும் பானெட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டான். மூச்சு வாங்கியது.

"வேணாம்ண்ணே, கை வெக்காதீங்க" என்றான். "அது அவங்க வண்டி. அவங்க பாத்துக்குவாங்க."

ஆட்டோக்காரர் அவனையும் உள்ளே குனிந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். இளவேனில் திரும்பவில்லை. கண்ணில் முட்டிய நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.