தின்கன்ஜூனில் ஓர் இங்கிலீஷ் பண்ணை வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெற்றியில் புடைத்த ஒரு வீக்கத்திலிருந்து பிறந்தது. பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூன் பகுதியில் ரோஸ்லின் சயாமா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனவன், தாழ்ந்த வாசல் விட்டத்தில் முட்டிக்கொண்டேன். (சயாமா என்றால் இங்கே டீச்சர். அவர் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார்.)

"எல்லாரும் முட்டுவாங்க," என்று ஐஸ் கட்டியை நீட்டினார். "இந்த வீட்டக் கட்டின துரை எத்தனை தடவ முட்டினானோ."

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'காலனியத்தின் மரச்சட்டங்களுக்குள் சிறைப்பட்டிருக்கும் காலம் தன்—'

அடித்துவிட்டேன். அங்கே காலம் எதுவும் சிறைப்படவில்லை. ஒரு சைக்கிளும் இரண்டு அரிசி டின்னும்தான் இருந்தன, அதுவும் கணப்படுப்புக்குள். ஆமாம், வேர்த்து ஊற்றும் யாங்கோனில் குளிர்காயக் கணப்படுப்பு.

நேராகவே சொல்கிறேன். பல காலம் முன்பு, தேக்கு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு ஊர் ஞாபகம் வந்தது. அவர் ஊர்ப் பண்ணை வீடுகளுக்கு எலும்புக்கூடு ஓக் மரம். சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு பிரித்தெடுத்து, நிமிர்த்திக் கோப்பார்கள். ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் இறங்கும், குறுக்கே ஒரு மர ஆணி. இரும்பு கிடையாது. இடைவெளியில் தட்டி, மண், சுண்ணாம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகள். துரை அதையே தேக்கில் கட்டச் சொன்னார். பனி வழுக்கி விழட்டும் என்று கூரையைச் செங்குத்தாக வைத்தார்.

பனி இன்னும் விழவில்லை.

3

(நிலநடுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதில் பூமி 'கர்ஜித்தது'. கிழித்துவிட்டேன்.)

ரோஸ்லினின் கணவர் ஆண்ட்ரூ பக்கவாதத்தில் படுத்து நாலு வருஷம். அந்த மார்ச் மாத மத்தியானம் வீடு ஆடியபோது ரோஸ்லினால் அவரைத் தூக்க முடியவில்லை. இழுத்துப் பார்த்தார். பிறகு தானும் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

"நீ ஓடு."

"சும்மா இருங்க."

பக்கத்து வீட்டுச் செங்கல் மதில் தெருவில் சாய்ந்தது. இந்த வீடோ பழைய கட்டில்போல் கிறீச்சிட்டது. மர ஆணிகள் இடம் கொடுத்தன, பிறகு பிடித்துக்கொண்டன. கட்டில் தலைமாட்டில் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. ஆண்ட்ரூ தும்மினார். அவ்வளவுதான்.

உதிர்ந்த இடத்தில், தூணிலும் விட்டத்திலும், சுழித்து வளைத்துச் செதுக்கிய குறிகள் தெரிந்தன.

4

இப்போது ஜெரால்ட் வருகிறார். இவரைக் கிழித்துத் தோரணம் கட்டத்தான் நான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன். பழைய ஆங்கில இல்லங்கள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். உறுப்பினர்கள் மூன்று பேர். இங்கிலாந்தில் பதினோரு நாள் இருந்தவர்; பன்னிரண்டாம் நாளிலிருந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் வெயிலில் மேலே கம்பளிக் கோட்டு, கீழே லோஞ்ஜிக் கைலி.

வீடு ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட அவர்களுக்கு ஆசை. பாரம்பரியக் கட்டடம் என்று சங்கம் அறிக்கை கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றிருந்தார்கள். ரோஸ்லினுக்கும் ஆண்ட்ரூவுக்கும் போக வேறு இடமில்லை.

குறிகளைப் பார்த்த ஜெரால்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சூனியக்காரி உள்ள வராம இருக்க இங்கிலீஷ் ஆசாரி செதுக்கின மந்திரக் குறி! நான் அங்க இருந்தப்ப—"

"பதினோரு நாளும் இதத்தான் பாத்தீங்களா?" என்றார் ஆண்ட்ரூ, கட்டிலிலிருந்து. "மந்திரம் வேலை செய்யுதுன்னா உங்க சங்கத்து ஆளுங்க எப்படி உள்ள வந்தாங்க?"

5

உதிர்ந்த சுண்ணாம்பைப் பூச, யாங்கோனுக்கு வடக்கேயுள்ள மாவ்பியிலிருந்து கொத்தனார் செல்லையா வந்தார். குறிகளை ஒரு தடவை பார்த்தார். பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சயாமா, இது மந்திரமும் இல்ல மண்ணும் இல்ல. நம்ம தமிழ் நம்பரு. எங்க ஊர்க் கோயில் தேர வருஷா வருஷம் பிரிச்சு அடுக்குவோம்ல, எதுல எது சேரும்னு அதுலயும் இப்படித்தான் வெட்டியிருக்கு. தூணுல ஏழுன்னா விட்டத்துலயும் ஏழு. பாருங்க."

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த ரோஸ்லினுக்கு அந்தத் தமிழ் ஏழு தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. செல்லையா மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் நாற்காலி மேல் ஏறி, அந்தப் பள்ளத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தார். ௭. யாரோ ஒருவர் கப்பலேறி வந்து, துரையின் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துப் புரிந்துகொண்டு, ஏழாம் நாக்கை ஏழாம் துளையில் ஒழுங்காக இறக்கியிருக்கிறார். அதனால்தான் ஆண்ட்ரூ இன்னும் வாயடித்துக்கொண்டிருக்கிறார். நன்றி சொல்லலாமென்றால் பெயர்கூடத் தெரியவில்லை. தூணையே இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

6

குடியிருப்பவரின் கையெழுத்து வேண்டும் என்று அறிக்கையோடு ஜெரால்ட் மறுபடி வந்தார். 'ஆங்கில ஆசாரிகளின் அரிய மந்திரக் குறிகள்' என்று அதில் ஒன்றரைப் பக்கம். இந்த இடத்தில் ரோஸ்லின் ஊசி எடுத்துக் குத்த வேண்டும், பலூன் வெடிக்க வேண்டும். என் திட்டம் அதுதான்.

"ஜெரால்ட் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது மந்திரமில்ல, தமிழ் நம்பராம்."

ஜெரால்ட் கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"தெரியும் ரோஸ்லின்."

"தெரியுமா?"

"எங்க வீட்டுப் பழைய தமிழ் பைபிள்ல அதிகாரத்துக்கெல்லாம் இந்த நம்பர்தான். தப்பாப் படிச்சா அப்பா காதத் திருகுவாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துரை ஊர் ஆசாரி செஞ்சதுன்னா டிரஸ்ட்காரன் கண்ணாடிக்குள்ள வச்சுக் காப்பாத்துவான். நம்ம ஆளு செஞ்சான்னு சொல்லிப் பாரு, மறுநாளே புல்டோசர். என்னக் கோமாளின்னு சொல்லிட்டுப் போகட்டும். வீடு நிக்கணும்ல?"

"அப்ப அந்தக் கோட்டு?" என்றார் ஆண்ட்ரூ.

"கோட்டு போட்டாத்தான்யா காது குடுக்கறானுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். கேலி செய்ய நான் கூட்டிவந்த ஆள், என்னைவிடப் பெரிய வேலையை, என்னைவிட அதிகம் வியர்த்து, செய்துகொண்டிருந்திருக்கிறார். நாலாம் பகுதியைத் திருத்தி எழுதலாம். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். என் அவமானம் எனக்குத் தேவை. நன்றி, ஜெரால்ட்.

7

முடிவுகள்.

(அ) ரோஸ்லின் கையெழுத்துப் போடுகிறார். 'ஆங்கில மந்திரக் குறிகள்' என்று பித்தளைப் பலகை மாட்டுகிறார்கள். வீடு நிற்கிறது. ஏழாம் தூணைச் செய்தவர் இரண்டாம் முறை மறக்கப்படுகிறார், இந்தத் தடவை தெரிந்தே.

(ஆ) ரோஸ்லின் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டு உண்மையை எழுதுகிறார். மழைக்காலத்துக்கு முன்னால் ஆண்ட்ரூவை எந்த வாசல் வழியாக, எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று—

(இ) உண்மையைப் படித்த டிரஸ்ட்காரர் கண் கலங்கி— இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேசையில் அறிக்கை இருக்கிறது. டிரஸ்ட்காரர் நாலு மணிக்கு வருகிறார். கையெழுத்துக்கு மேலே 'கட்டியவர்' என்று ஒரு வரி. அதை மட்டும் ஜெரால்ட் நிரப்பவில்லை. மறந்துவிட்டேன் என்கிறார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். ரோஸ்லின் பேனா மூடியைத் திறந்துவிட்டார். எனக்குத் துணிச்சல் போதவில்லை. அந்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

சத்தமில்லாமல் எழுதுங்கள். உள்ளே ஆண்ட்ரூ தூங்குகிறார்.