பீரோவில் இருந்த தீவு

கரூரில் தண்டபாணி வீட்டு பீரோவுக்குள் ஒரு தீவு நாடு இருந்தது. சேகரித்து வைக்க அவர் வாங்கிய வெள்ளிக் காசு அந்த நாட்டுடையது. காசு இருக்கும் இடத்தில் நாடும் இருந்துதானே ஆகவேண்டும்? காசின் ஒரு பக்கம் தேசியக் கொடி, மறுபக்கம் கேப்டன் கீரி என்கிற கார்ட்டூன் வீரன். கார்ட்டூன் கம்பெனியிடம் முறையாக அனுமதி வாங்கி அச்சடித்தது. அந்தத் தீவில் கீரியை யாருக்கும் தெரியாது. கரூரிலும் தெரியாது.

அதனால் பாடுபட்டது என்னவோ அவர் மனைவி சௌந்தரவல்லிதான். கீழ்த்தட்டில் காலையும் மாலையும் கடல் ஏறி வந்தது. துடைத்துத் துடைத்து அவளுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மகளின் நிச்சயத்தன்று பட்டுப்புடவையை எடுக்கப் போனவளைச் சுங்க அதிகாரி மறித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏற்றுமதி வரி ரெண்டு டாலருங்கம்மா. எங்க நாட்டுக் காசாத்தான் தரணும்."

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல நேரம் தவறினால் எழுந்து போய்விடுவார்கள். உள்ளே மகள் பூங்கோதை தலை நிறையப் பூவும் உடம்பில் நைட்டியுமாக அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்க காசு ரெண்டு டாலர்தானுங்களே? குடுங்க."

தண்டபாணி வெள்ளைக் கையுறையோடு, பிளாஸ்டிக் கூட்டிலிருந்த காசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இது செலவு பண்ற காசில்ல புள்ள. கைரேகை பட்டாலே போச்சு."

"அப்புறம் எதுக்குங்க ரெண்டு டாலர்னு போட்டு வெச்சிருக்கான்?"

அதிகாரியும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காசைக் கொடுத்து அவர் நாட்டில் யாரும் ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை.

சௌந்தரவல்லி காசைப் பிடுங்கி, அம்மிக்குழவியால் கூட்டை உடைத்து, மஞ்சள் கையாலேயே எடுத்து நீட்டினாள். அதிகாரி கடித்துப் பார்த்துவிட்டுப் புடவையை விட்டார்.

செலவான காசு ஊர் திரும்பவேண்டும் என்பதால் கீழ்த்தட்டில் படகு வந்து நின்றது. மஞ்சள் கறையோடு காசைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தண்டபாணியும் ஏறிக்கொண்டார்.

"ஏனுங்க, தட்டு மாத்த நீங்க வேணாமுங்களா?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொடச்சு வெச்சுட்டு ஒரு எட்டுல வந்தர்றேன் புள்ள."

சின்ன நாடு. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கவேண்டும். அதிகாரி இறங்கினார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்டபாணியின் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் சௌந்தரவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மாற்றினார்.

"வெளிநாட்டுச் சம்மந்தம்னு புரோக்கர் சொல்லவே இல்லீங்களே!" என்று மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கட்டிக்கொண்டார்.

பூங்கோதை இருவர் காலிலும் விழுந்து எழுந்தாள்.