மாவில் வந்த அமைச்சர்

அமைச்சர் இக்னாத்தி சவாரினைப் பதவியிலிருந்து நீக்கிய கடிதம் காலைத் தேநீரோடு வந்தது. மனைவி கிளாஃபிரா மூக்கை உறிஞ்சினாள்.

"பதினெட்டு வருஷம் உழைச்சதுக்கு இதுதானா?"

"அழாதே, கிளாஃபிரா. பெட்டியைக் கட்டு. நான் அகராதியை முடிக்கப் போறேன்!" என்றார் சவாரின். அவர் குரலில் துள்ளல் இருந்தது.

வடக்கே வாழும் கோமி மக்களின் சொற்களை, அரசாங்க வேலைக்கு நடுவே புத்தகங்களைப் பார்த்தே சேர்த்து வந்தவர் அவர். அந்த மக்களில் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை.

ஜூன் மாதம், அந்த மக்கள் வாழும் விச்செக்தா ஆற்றங்கரையில் படகிலிருந்து இறங்கினார். அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த ஓப்ரோஸ் என்ற பெண்ணிடம், தான் எதில் வந்தார் என்பதைக் கோமி மொழியிலேயே கம்பீரமாகச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னய்யா, மாவுலயா வந்தீரு? படகுல வரலியா?"

கோமி மொழியில் இந்த இரண்டு சொல்லுக்கும் கடைசி ஒலியில்தான் வித்தியாசம். சவாரினின் காது சிவந்தது. அவருடைய கையெழுத்துப் பிரதியைப் படித்த அதிகாரிகளும் பேராசிரியர்களும் ஆகா, ஓகோ என்றுதான் சொல்லியிருந்தார்கள். தப்பு என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் சொன்னாள். அவரும் சொன்னார்.

"அட, இன்னும் மாவுதான்! நாக்கைச் சும்மா விடும்!"

ஏழாவது தடவை படகு சரியாக வந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். சவாரின் தொப்பியைக் கழற்றி அவர்களை வணங்கினார். பிறகு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து, அகராதியின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக ஓப்ரோஸிடம் கேட்கத் தொடங்கினார்.