பைபாஸுக்கு அந்தப் பக்கம்

ஊரில் அவளைச் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குச் சோப்பு காய்ச்சுவதுதான் தொழில். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஒரு பட்டறை, அவள் ஒரு பட்டறை என்று பிரிந்துகொண்டார்கள். அண்ணனுக்கு வாய் ஜாஸ்தி, சோப்பு உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைவரானார். அவளுக்குக் கைப்பக்குவம், அவள் சரக்கு முதலில் தீர்ந்தது.

அந்தச் சோப்புக்கு ஊர்ப் பேர்தான் பேர். எங்கோ பெரிய நகரத்தில் ஒரு கம்பெனி, மெஷினில் அடித்த கட்டியில் அதே பேரைப் பொறித்துப் பாதி விலைக்கு விட ஆரம்பித்ததும் சங்கம் அவசரமாகக் கூடியது. புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் இந்த ஊரில் காய்ச்சும் சோப்புக்கு மட்டும்தான் இந்தப் பேர், வேறு எவன் போட்டாலும் கேஸ் என்று சங்கத்து வக்கீல் விளக்கினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அவள்தான் பிடித்த பிடியை விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். பேர் பழசுதான் என்பதற்குச் சாட்சியாகப் பரண்மேல் ஏறிப் பழைய சோப்பு உறைகளைத் தேடி எடுத்தாள். விசாரிக்க வந்த குழுவுக்கு முன்னால் அடுப்பில் கொப்பரையை ஏற்றிக் காய்ச்சியும் காட்டினாள்.

“ஏம்மா, நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு அலையலையே” என்றார் வீட்டுக்காரர்.

“அதுக்கு எங்க அண்ணன் அலைஞ்சாரு. இதுக்கு யாருங்க அலைவா?”

மனு ஆபீஸ் ஆபீஸாக நகர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் பட்டறையை மாற்ற வேண்டி வந்தது. சோப்புக்குக் கொதிக்கும் காரத்தண்ணி நெடி தாங்கவில்லை என்று பக்கத்து வீடுகளில் தினம் சண்டை. பைபாஸைத் தாண்டியதும் ஒரு பழைய கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. ரோட்டைக் குறுக்கே கடந்தால் வந்துவிடும். அதே கொப்பரை, அதே ஆட்கள். சாமான் ஏற்ற வண்டி பிடித்துக் கொடுத்ததே அண்ணன்தான்.

குறியீடு கிடைத்த அன்று அண்ணன் கழுத்தில் மாலை நிற்க இடமில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள். இனி அந்தப் பேரைப் போட ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். முதல் ஆளாக எழுதிக் கொடுத்தாள்.

ஒருநாள் அண்ணன் வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

“உன் மனு திரும்பி வந்துருச்சு.”

“ஏன், போட்டோ சரியில்லையாமா?”

“குறியீட்டு மனுவோட கொடுத்த மேப்ல பைபாஸ்தான் எல்லை. உன் பட்டறை அந்தப் பக்கம் இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும்தான் உறைத்தது.

“மேப்பை யாருண்ணா கொடுத்தது?”

“வக்கீல் கேட்டாரு, கொடுத்தேன். அப்ப நீ ஊருக்குள்ளதான இருந்தே.”

“மாறினப்ப சொல்லியிருக்கலாமே. வண்டி பிடிச்சதே நீதானே?”

அவர் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

ஊருக்குள் திரும்பலாமென்றால், குடியிருப்பில் புதிதாகப் பட்டறை வைக்க அனுமதி கிடையாது, பழையவை மட்டும் இருக்கலாம் என்று நகராட்சி கையை விரித்தது. குறியீட்டு ஆபீசில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லையை நீட்டலாம்மா, ஆனா உங்க சங்கம் எழுதிக் கேக்கணும்” என்றாள்.

சங்கக் கூட்டத்தில் அவளே எழுந்து பேசினாள். எல்லையைக் கிடங்குவரைக்கும் நீட்டச் சொல்லி ஒரு கடிதம் போதும் என்றாள். “கை தூக்குங்க” என்றார் அண்ணன். யாருக்கெல்லாம் கையெழுத்துப் போடப் பேனா நீட்டினாளோ அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். “இன்னைக்குச் சோப்பக்காவுக்கு நீட்டினா, நாளைக்குப் பக்கத்து ஊரே வந்து நிக்கும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் ஓட்டுப் போட வேண்டியதில்லை என்பது அண்ணனுக்கு வசதியாகப் போயிற்று.

அவள் வீம்புக்குச் சோப்பில் ஊர்ப் பேரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டத்தில் ஊரில் பதிவான முதல் கேஸ் அவள்மேல்தான் விழுந்தது. புகார் கொடுத்தது சங்கம்.

“பேரைப் போட்டது உண்மையா?” என்று நீதிபதி கேட்டார்.

“உண்மைங்க. எங்கப்பா போட்ட பேரு.”

“அப்பா எங்க காய்ச்சினாரு?”

“ஊருக்குள்ள.”

“நீங்க?”

இனிப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். ஊர்ப் பேர் செதுக்கிய அச்சுகளை ஒரு கான்ஸ்டபிள் சாக்கில் கட்டி எடுத்துப்போனார். பாவம், நல்ல மனுஷன். “கனமா இருக்கேம்மா” என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

பேரில்லாமல் வெறும் கட்டியாக விற்றுப் பார்த்தாள். “அக்கா, அதே சோப்புதான்னு எனக்குத் தெரியும். வாங்குறவனுக்குத் தெரியணுமே” என்றார் கடைக்காரர். துணி சோப்போடு சேர்த்து அடித்தட்டில் அடுக்கினார். வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கிடங்கைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் தன் பட்டறையை விற்றார். வாங்கியது அந்த நகரத்துக் கம்பெனி. எல்லைக்குள் ஒரு பழைய பட்டறை கையில் இருந்தால் அவர்களும் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவர்களுடைய வக்கீல் கண்டுபிடித்திருந்தார். அண்ணனை மேனேஜராக வைத்துக்கொண்டார்கள்.

“குறியீட்டு ஆபீசிலேருந்து சோதனைக்கு வந்தா கொப்பரையில காய்ச்சிக் காட்ட ஆள் வேணும். உன்னை விட்டா யாரு இருக்கா?” என்று அவள் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார் அண்ணன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் குதித்தார். “மானம் ரோஷம் இருந்தா அந்தப் படி ஏறாதே!”

“ஏறலைன்னா என்னங்க பண்றது?”

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் போனாள். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கொப்பரை ஏறியது. மற்ற நாட்களில் லாரியில் கட்டிகள் வந்து இறங்கின, மெஷினில் அடித்தவை. வரிசையாக உட்கார்ந்து அவற்றில் ஊர்ப் பேரை அழுத்தி, குறியீட்டு முத்திரை போட்ட உறையில் சுற்ற வேண்டும்.

முதல் லாரி வந்த அன்று ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள்.

“அண்ணா, இது இங்க காய்ச்சினது இல்லையே.”

“பேக் பண்றது இங்கதானே” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இதுக்குத்தானே என்மேல கேஸ் போட்டீங்க?”

“புகார் வந்தாத்தாம்மா கேஸ். யாரு கொடுக்கப் போறா? சங்கம்தான் கொடுக்கணும்.” கொஞ்சம் தணிந்த குரலில், “போ, ஆளுங்க பாக்குறாங்க” என்றார்.

சங்கத்துக்கு இப்போதும் அவர்தான் தலைவர். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கையிலிருந்த கட்டியை அச்சுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். வெளியே லாரியில் பாதிக்கு மேல் இன்னும் இறக்காமல் இருந்தது.