பட்டு என்று எழுதியது நான்

கடிதம் தட்டச்சாகி வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கோடு மட்டும் காலியாக இருந்தது. முதலாளி அதை இஸ்திரி மேஜையில் வைத்து, பறந்துவிடாமல் இருக்கப் பேனாவை மேலே வைத்தார்.

"பதினோரு மணிக்கு பேங்க் மேடம் வராங்க. அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா."

கஞ்சி அக்கா நின்றபடியே படித்தாள். 'இஸ்திரி போடும்போது ஏற்பட்ட என் கவனக்குறைவால் தங்கள் பட்டுக் கவுனில் ஓட்டை விழுந்துவிட்டது. மன்னிக்கவும்.' படித்து முடித்ததும் பேனாவுக்கு மூடியைப் போட்டாள்.

"பெட்டி அந்தத் துணி மேல படவே இல்ல. விரிச்சேன், ஓட்டை தெரிஞ்சுது, எடுத்துக்கிட்டு நேரா உங்ககிட்டதான் வந்தேன். வந்தேனா இல்லையா?"

"வந்த. யாரு இல்லன்னா? ஆனா மேடம் நம்பணுமே. துணியில ஓட்டைன்னா இஸ்திரிதான்னு உலகத்துக்கே தெரியும்."

"அப்ப உலகம் வந்து கையெழுத்துப் போடட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கதவருகில், துணிகளில் கட்டும் அடையாளச் சீட்டுகளோடு நின்றிருந்தேன். சாட்சிக்கு ஆள் தேடும் பார்வை அது. நான் தரையைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

துணிக்குக் கஞ்சி போடுவதால் அவளுக்கு அந்தப் பேர் வரவில்லை. வளைய மாட்டாள் என்பதால் வந்தது. பத்தொன்பது வருடமாக இந்த லாண்டரியின் பின்னறையில் இஸ்திரி போடுகிறாள். பருத்திக்கு ஈரமும் முழுச் சூடும். லினனை முக்கால் காய்ச்சலிலேயே எடுத்துவிட வேண்டும், எலும்பாகக் காய்ந்த பிறகு அதோடு மல்லுக்கட்ட முடியாது. கம்பளி மேல் ஈரத்துணி போட்டு, பெட்டியை வைத்து வைத்து எடுக்க வேண்டும், இழுத்தால் கம்பளி கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். பட்டை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும். வெல்வெட்டைத் தொடவே கூடாது, தொங்கவிட்டு ஆவி காட்டினால் போதும். இதையெல்லாம் அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தப்பாகச் செய்பவரைத் திட்டும்போது தெரிந்துகொள்வதுதான்.

துணியை எரித்தவள் என்று எழுத்தில் ஒரு பேர் வந்துவிட்டால் இந்தக் கடையிலும் சரி, வேறு கடையிலும் சரி, யாரும் அவள் கையில் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள். முதலாளிக்கும் அது தெரியும். "கீழ மடிக்கிற பகுதியில போட்டுக்கலாம்மா, உக்காந்த வேலைதானே," என்று ஏதோ உபகாரம் போலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் வாசல் மேஜையில் துணி வாங்குபவள். வேதியியல் பட்டதாரி. அதனால் அக்கா என்னைக் கெமிஸ்ட்ரி என்பாள். வருகிற துணி எந்த வகை, என்ன கறை என்று சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். நடு அறையில் கறை எடுப்பவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் திரவத்தை எடுப்பார். பின்னறையில் அக்கா அதைப் பார்த்துத்தான் சூட்டை வைப்பாள். சந்தேகமாக இருந்தால் உள்தையலில் ஒரு நூலை உருவிச் சோதிக்க வேண்டும் என்பது விதி.

பேங்க் மேடம் போன வாரம் அந்தச் சந்தன நிறக் கவுனைக் கொண்டுவந்தபோது முன்பக்கம் ஒரு சொட்டு நகப்பூச்சு சிந்தியிருந்தது. கழுத்தில் லேபிள் இல்லை. உறுத்தியது, வெட்டிவிட்டேன் என்றார். "என்ன துணி மேடம்?" என்று கேட்டேன். "பார்த்தா தெரியல? பட்டு," என்றார். நூல் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உங்களை நம்பவில்லை என்று சொல்வது போல இருக்கும் என்று பட்டது. 'பட்டு. நகப்பூச்சு' என்று எழுதிவிட்டேன்.

இப்போது அந்தக் கவுன் ஆணியில் தொங்கியது. அருகே போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. சூடு பட்ட துணி பழுப்பாக இருக்கும். இங்கே கருகல் இல்லை, வாசனை இல்லை. ஓட்டையின் விளிம்பு உலர்ந்த பசை போல விறைத்து, கண்ணாடி மாதிரி லேசாக ஒளி ஊடுருவியது. விரலால் தடவியதும் தெரிந்துவிட்டது.

அசிட்டேட். மரக்கூழிலிருந்து செய்கிற இழை. பட்டு மாதிரியே மினுங்கும், பட்டு மாதிரியே நழுவும். அசிட்டோனில் மட்டும் சர்க்கரை தண்ணீரில் கரைவது போலக் கரைந்துவிடும். நகப்பூச்சை அழிப்பதற்கு எங்கள் கடையில் இருப்பது அசிட்டோன்தான்.

நடு அறையில் கறை எடுப்பவர் முதலாளியின் மனைவியின் தம்பி. நேரில் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் மச்சான் என்போம். கடையில் எந்தப் பழியும் அவர் வாசலோடு திரும்பிவிடும். அவரை ஒரு வார்த்தை சொன்னால் முதலாளிக்கு வீட்டில் சோறு இறங்காது.

நான் பின்னறைக்குத் திரும்பிப் போனேன்.

"அக்கா, சீட்டுல பட்டுன்னு எழுதினது நான்தான்."

"தெரியும். கோழி கிளறின மாதிரி உன் எழுத்துதானே."

"அது பட்டு இல்லன்னு நினைக்கிறேன். அசிட்டோன்ல கரைஞ்சிருக்கு."

அக்கா தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள். "நினைக்கிறியா, தெரியுமா?"

"ஒரு நூல் எடுத்துச் சோதிச்சா தெரிஞ்சுடும்."

"அப்புறம் எதுக்கு என் காதுல குசுகுசுன்னு சொல்ற? நானா பேங்க் மேடம்?"

"சொன்னா என்னை நிறுத்திடுவாரு அக்கா."

"நிறுத்தலாம்." அவள் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். ஆவி நின்றது. "நீ சொல்லு, சொல்லாம போ. உன் இஷ்டம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் காகிதம் இங்க இருக்கிற வரைக்கும் பெட்டியும் தொட மாட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஹோட்டலின் முன்னூறு தலையணை உறைகள் மலையாகக் கிடந்தன. இரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும்.

மேடம் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். எதையும் எழுத்தில் கேட்பவர். ஓட்டையைப் பார்த்துவிட்டு, "காரணம் எழுத்துல வேணும். யாரு, எப்படி, எல்லாம்," என்றார்.

"தயாரா இருக்கு மேடம்," என்றார் முதலாளி. "இஸ்திரி போடற அம்மா கொஞ்சம்…" பின்னறைப் பக்கம் கழுத்தை நீட்டி, "காகிதத்தைக் கொண்டாம்மா!" என்றார்.

அக்கா காகிதத்தைக் கொண்டுவந்தாள். கோடு காலியாகவே இருந்தது.

"வராத கையெழுத்தை எப்படி வர வைக்கிறது சார்?" என்றாள்.

"என்னம்மா இது, மேடம் முன்னாடி!"

"மேடம் முன்னாடிதானே பழி போடறீங்க. பதிலும் மேடம் முன்னாடியே இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்து, "இஸ்திரி இல்ல மேடம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. மூவரும் திரும்பினார்கள்.

"இது பட்டு இல்ல. உள்தையல்ல ஒரு நூல் எடுத்துக்கட்டுமா?"

மேடம் புருவத்தைத் தூக்கினார். "பட்டு இல்லையா? பட்டுன்னு சொல்லித்தான் வித்தான்."

"ஒரே ஒரு நூல்."

"எடு."

உருவினேன். கண்ணாடித் தட்டில் போட்டு நடு அறையிலிருந்து அசிட்டோன் பாட்டிலை எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டேன். நூல் அசைந்தது. வீங்கியது. பிறகு நூல் இல்லை, கொழகொழவென்று ஒரு துளி இருந்தது. குச்சியால் தொட்டபோது சளி மாதிரி இழுபட்டது.

"எந்தத் துணியானாலும் இப்படித்தான் ஆகும்," என்றார் முதலாளி.

அக்கா அவரைத் தலை முதல் வயிறு வரை பார்த்தாள். "உங்க டை பட்டுதானே சார்? நீங்கதானே ஊரெல்லாம் சொல்லுவீங்க."

முதலாளி டையைப் பிடித்துக்கொண்டார். "இது என் மாமனார் போட்டது!"

"நூல்தான் சார். மாமனாருக்கு வலிக்காது."

மேடம் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு முதலாளியால் மறுக்க முடியவில்லை. டையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நூல். அதன் மேல் இரண்டு சொட்டு. நனைந்தது, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் உலர்ந்து, போட்டபடியே கிடந்தது.

"அப்போ என் கவுன்ல இதை ஊத்தினது யாரு?" மேடத்தின் குரலில் சிரிப்பு போயிருந்தது.

"சீட்டுல பட்டுன்னு எழுதினது நான்," என்றேன். "நீங்க சொன்னதைச் சோதிக்காம எழுதினேன். சோதிச்சுத்தான் எழுதணும், அதுதான் என் வேலை. முதல் தப்பு என்னுது."

நடு அறைக் கதவு திறந்துதான் இருந்தது. மச்சான் அங்கே நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"சீட்டுல பட்டுன்னு இருந்துச்சு," என்றார். "பட்டுக்கு இதை விடலாம். விட்டேன். பஞ்சை எடுத்துப் பார்த்தா பஞ்சோட துணியும் வந்துடுச்சு."

"வந்ததும்?" என்றாள் அக்கா.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "மடிச்சு உங்க மேஜையில வச்சுட்டேன்."

"வச்சுட்டு, இஸ்திரின்னு மாமாகிட்ட சொன்னீங்க."



முதலாளி அவசரமாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'எங்கள் நிறுவனத்தில் ஏற்பட்ட தவறினால்' என்று எழுத ஆரம்பித்தார். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"நிறுவனம்னா யாரு சார்? நானும் அதுக்குள்ளதானே இருக்கேன். பிரிச்சு எழுதுங்க. துணி வகையைத் தப்பா எழுதினது யாரு, மருந்து விட்டது யாரு. இஸ்திரியில தப்பு இல்ல. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க."

"அந்த அம்மா சொல்றது சரி. எனக்கும் அப்படித்தான் வேணும்," என்றார் மேடம்.

எழுதினார். நான் என் பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். மச்சான் முதலாளியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். மச்சானும் போட்டார். நகலும் ஒன்று எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள் கஞ்சி அக்கா. பழைய கடிதத்தை நான்காகக் கிழித்து முதலாளியின் மேஜையிலேயே வைத்தாள். மேடம் கவுனையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, அதை விற்ற கடைக்கே நேராகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னியோட நின்னுக்க."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி சார் என்பேன்.

"தப்பா எழுதினதுக்கு என்ன தண்டனைன்னாலும் கொடுங்க சார், ஏத்துக்கறேன்," என்றேன். "அதைச் சொன்னதுக்கு நிறுத்தாதீங்க. அதுக்கு நான் நிக்க மாட்டேன்."

"எதிர்த்துப் பேசறியா?"

"ஆமா சார்."

பின்னறைக்குப் பாதி வழி போயிருந்த அக்கா அங்கேயே நின்றாள்.

"முன்னூறு உறை இருக்கு சார். எல்லாம் பருத்தி. ரெண்டு மணிக்கு வண்டி. அவ போறான்னா சொல்லுங்க, நானும் செருப்பை மாட்டிக்கறேன். நீங்களும் உங்க மச்சானும் ஆளுக்கு நூத்தம்பது."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"என்னால முடியாது மாமா," என்றார் மச்சான். "எனக்கு அந்தப் பெட்டியோட சூடே வைக்கத் தெரியாது."

வாசலில் ஒருவர் மூட்டையோடு வந்து மேஜை மணியைத் தட்டினார்.

"போ கெமிஸ்ட்ரி," என்றாள் அக்கா. "ஆள் நிக்கிறாங்க."

முதலாளி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லும் வரை நான் காத்திருக்கவும் இல்லை. வாசல் மேஜைக்குப் போய் உட்கார்ந்து சீட்டுக் கட்டைப் பிரித்தேன். பின்னறையில் ஆவி சீறத் தொடங்கியது.